லீவோஃப்ளாக்சசின் சாப்பிடும் அப்பாவுக்குக் குதிகால் வலி: மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 66 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை, கிளிமிபிரைடு போடுகிறார். நான்கு நாளைக்கு முன் குளிர்காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலும் வந்திருக்கிறது. மருத்துவர் லீவோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார், காய்ச்சல் விட்டுவிட்டது. நேற்றிலிருந்து வலது குதிகாலுக்கு மேலே வலி, படி இறங்க முடியவில்லை. தேடிப் பார்த்தபோது இந்த மருந்துக்கு அமெரிக்காவில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை இருப்பது தெரிந்து பயந்துபோனீர்கள். "இவ்வளவு ஆபத்தான மருந்தை ஏன் எழுதுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இன்றைக்கு அப்பாவுக்கு என்ன செய்வது என்பது ஒன்று. இந்த மருந்தை நம்பலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்வி காத்திருக்காது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி: மருத்துவம் முடித்து நுண்ணுயிரியலில் மேற்படிப்பு படித்தேன். 23 வருடமாக மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று பார்த்து வார்டுக்குச் சொல்வது என் தொழில். உங்கள் அப்பாவின் காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அவருடைய கிரியாட்டினின் அளவு என் முன்னால் இல்லை. ஆகவே கீழே சொல்வதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் பேசுவதற்கான தயாரிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாத்திரை நேரம் வருவதற்குள் அந்த மருத்துவரிடம் பேசிவிடுங்கள். லீவோஃப்ளாக்சசின் சாப்பிடும்போது குதிகால் நாணில் வலியோ வீக்கமோ வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அணுக வேண்டும் என்று மருந்தோடு வரும் குறிப்பிலேயே இருக்கிறது. ஆனால் நிறுத்துவதோடு வேலை முடியவில்லை. குளிர்காய்ச்சலோடு வந்த சிறுநீர்த் தொற்று நான்கு நாளில் முழுதாகப் போயிருக்காது, அதுவும் சர்க்கரை உள்ளவருக்கு. இதை எடுத்துவிட்டு வேறொரு ஆன்டிபயாடிக்கை வைக்க வேண்டும். எதை வைப்பது என்பதைக் கல்ச்சர் ரிப்போர்ட்டும் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) சிறுநீரகத்தின் நிலையும்தான் தீர்மானிக்கும். மருத்துவர் கிடைக்காத நிலையில் மறுபடி குளிர் நடுக்கமோ, வாந்தியோ, பேச்சில் குழப்பமோ வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

அதுவரை அந்தக் கால் ஓய்வில் இருக்கட்டும். காலை நடையும் வேண்டாம், படி ஏறி இறங்குவதும் வேண்டாம். நம் வீடுகளில் இதை "நரம்பு பிடித்துக்கொண்டது" என்பார்கள், எண்ணெய் போட்டு நீவி விடுவார்கள். இந்த வலிக்கு அதைச் செய்யாதீர்கள். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டி வைத்திருக்கும் தடித்த நாண் அது. நைந்துபோயிருக்கும் நேரத்தில் அழுத்தி நீவினால் அறுந்துவிடக்கூடும். கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். முக்கியமாகச் செட் மாத்திரை. உடம்பு வலிக்கென்று நாலைந்து வண்ண மாத்திரைகளைப் பொட்டலம் கட்டித் தருவார்களே, அதில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது சகஜம். ஸ்டீராய்டும் ஃப்ளோரோகுவினோலோனும் (லீவோஃப்ளாக்சசின் சேர்ந்த மருந்துக் குடும்பம்) ஒன்றாக உள்ளே போனால் நாண் அறுவதற்கான வாய்ப்பு கூடும். காய்ச்சல் வந்த முதல் நாள் அப்பா அப்படி ஏதும் வாங்கிச் சாப்பிட்டாரா என்று பொறுமையாகக் கேளுங்கள். பெரும்பாலும் "ஒன்றே ஒன்றுதான் போட்டேன்" என்றுதான் பதில் வரும், அந்த ஒன்றையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். 'டப்' என்று சத்தம் கேட்டு, அதன்பின் முன்பாதத்தை ஊன்றி எழும்ப முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கிறது என்றே நினைத்து அன்றே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

எல்லாக் குதிகால் வலியும் இந்த மருந்தால்தான் வரும் என்றில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குக் குதிகால் வலி வேறு பல காரணங்களாலும் வரும். ஆனால் 60 வயதைத் தாண்டியவர், மருந்து தொடங்கிச் சில நாள், குதிகாலுக்கு மேலே புதிதாக வலி என்ற மூன்றும் சேர்ந்திருக்கும்போது மருந்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சிலருக்கு முதல் மாத்திரை போட்ட 48 மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. சிலருக்கு மருந்து முடிந்து சில மாதம் கழித்தும் வருகிறது.

சரி, மருத்துவர் தவறாக எழுதிவிட்டாரா? நீங்கள் சொன்ன விவரத்தை வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. வயதான ஆணுக்குக் குளிர்காய்ச்சலோடு சிறுநீர் எரிச்சல் என்றால் தொற்று சிறுநீர்ப்பையோடு நிற்காமல் புராஸ்டேட் சுரப்பிக்கும் போயிருக்கக்கூடும். அந்தச் சுரப்பிக்குள் பல ஆன்டிபயாடிக்குகள் சரியாக நுழைவதில்லை. பெண்களின் சாதாரண சிறுநீர் எரிச்சலுக்கு நாங்கள் முதலில் சொல்லும் நைட்ரோஃபுரான்டோயின், சிறுநீரில் நன்றாகத் தேங்கும், சதைக்குள் எட்டாது. லீவோஃப்ளாக்சசினும் சிப்ரோஃப்ளாக்சசினும் புராஸ்டேட்டுக்குள் நன்றாகப் போகும். லீவோஃப்ளாக்சசின் மாத்திரையில் கிட்டத்தட்ட முழு அளவும் இரத்தத்தில் கலந்துவிடும், ஊசி போட்டது போலவே. கட்டிலில் படுத்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய ஒருவரை வீட்டிலிருந்தே குணமாக்கும் மருந்து அது. மருத்துவர் அதை யோசித்துத்தான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். நீங்கள் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: முதல் மாத்திரை போடுமுன் யூரின் கல்ச்சர் எடுத்தார்களா?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் மேசையில் தினமும் நான் பார்ப்பது அதைத்தான். கல்ச்சரில் வளர்ந்த கிருமியை எடுத்து, வெளிர்மஞ்சள் நிறத்தில் கூழ் போல உறைந்திருக்கும் தட்டின் மேல் பஞ்சுக்குச்சியால் சீராகப் பூசுவோம். அதன் மேல் பொத்தானைவிடச் சின்னதாக, மருந்து தோய்த்த வெள்ளைக் காகித வில்லைகளை வைப்போம். சிப்ரோஃப்ளாக்சசின் வில்லையில் 5 மைக்ரோகிராம் மருந்து இருக்கும். 35 டிகிரிச் சூட்டில் ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் காலை தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மருந்து வேலை செய்த இடத்தில் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் தெரியும். மற்ற இடமெல்லாம் கிருமி சாம்பல் பூத்தாற்போல் படர்ந்திருக்கும். வட்டத்தை ஸ்கேல் வைத்து அளப்போம். சிறுநீர்த் தொற்றில் அதிகம் வரும் கிருமியான ஈ கோலைக்கு 26 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் மருந்து கேட்கும், 21-ம் அதற்குக் கீழும் இருந்தால் கேட்காது என்பது இப்போதைய கணக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளியிலிருந்து வரும் சாதாரண சிறுநீர் மாதிரிகளில் அந்த வட்டம் அகலமாக இருப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். இப்போது பல தட்டுகளில் வட்டமே இல்லை. வில்லையின் விளிம்பு வரைக்கும் கிருமி வந்து ஒட்டி நிற்கிறது. இந்திய மருத்துவமனைகளில் எடுக்கப்படும் ஈ கோலையில் பாதிக்கும் மேற்பட்டவை சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்குவதில்லை. உங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது நல்ல அறிகுறி, அவருடைய கிருமி அடங்கும் வகையாக இருக்கலாம். அதை உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் ரிப்போர்ட் கையில் வேண்டும்.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மற்றது புரியும். ஒரு ஈ கோலைக் கிருமியின் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. அதற்குள் சுருண்டு கிடக்கும் டிஎன்ஏ இழையைப் பிரித்து நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும். இவ்வளவு நீள இழை பிரதி எடுக்கப்படும்போது முறுக்கேறிச் சிக்கிக்கொள்ளும். பட்டத்து நூலைச் சுற்றிய கைக்குத் தெரியும் அந்தச் சிக்கு. முறுக்கை எடுக்க கிருமியிடம் ஒரு நொதி இருக்கிறது, பெயர் டிஎன்ஏ கைரேஸ். இழையை ஓரிடத்தில் வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டிவிடும். ஃப்ளோரோகுவினோலோன் போய் அந்த வெட்டுக்கும் ஒட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. வெட்டியது வெட்டியபடியே நிற்கும், கிருமி செத்துவிடும். டோப்போஐசோமரேஸ் நான்கு என்ற இன்னொரு நொதியையும் இதே போலப் பிடித்துக்கொள்ளும். நம் செல்களிலும் இந்த வேலைக்கு நொதிகள் உண்டு, ஆனால் அவற்றின் வடிவம் வேறு. மருத்துவ அளவில் இந்த மருந்து அவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை.

இந்தக் குடும்பம் பிறந்ததே ஒரு தற்செயல். மலேரியாவுக்கான குளோரோகுயின் தயாரிக்கும்போது கிடைத்த ஒரு துணைப்பொருளிலிருந்து ஜார்ஜ் லெஷரும் அவர் குழுவினரும் நாலிடிக்சிக் அமிலத்தை உருவாக்கி 1962-ல் வெளியிட்டார்கள். அது சிறுநீர்த் தொற்றுக்கு மட்டும்தான் உதவியது. பிறகு ஜப்பானில் கியோரின் நிறுவனத்தார் அந்த மூலக்கூறில் ஒரு ஃப்ளோரின் அணுவைச் சேர்த்து நார்ஃப்ளாக்சசின் செய்தார்கள். 'ஃப்ளோரோ' என்ற முன்னொட்டு அந்த அணுவால் வந்தது. பாயர் நிறுவனத்தின் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைக்கு 1987-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அப்புறம் ஆஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் என்று வரிசையாக வந்தன. வந்தவற்றில் சில நிலைக்கவில்லை. டெமாஃப்ளாக்சசின் 1992-லேயே விலக்கப்பட்டது. ட்ரோவாஃப்ளாக்சசின் கல்லீரலைக் கெடுத்தது. கேட்டிஃப்ளாக்சசின் சர்க்கரையை ஏற்றியும் இறக்கியும் ஆபத்தில் விட்டதால் அதன் மாத்திரையும் ஊசியும் இந்தியாவில் 2011-ல் தடை செய்யப்பட்டன. ஆக, பக்கவிளைவு என்பது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி இல்லை.

நம் நாட்டில் இந்த மருந்தின் கதை டைபாய்டில்தான் முழுதாகத் தெரியும். அதை நான் பாதி புத்தகத்திலும் பாதி என் தட்டுகளிலும் படித்தேன். டைபாய்டுக்கு நெடுங்காலம் குளோராம்ஃபெனிகால்தான் மருந்து. 1972-ல் கோழிக்கோட்டில் அதற்கு அடங்காத டைபாய்டு பரவியது. 1990 வாக்கில் குளோராம்ஃபெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் மூன்றுக்கும் அடங்காத கிருமி நாடெங்கும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் கையில் கிடைத்தது சிப்ரோஃப்ளாக்சசின். பத்து நாள் எரிந்த காய்ச்சல் மூன்று நான்கு நாளில் இறங்குவதைப் பார்த்த மூத்த மருத்துவர்கள் அதைச் சொல்லும்போது இன்றும் குரல் மாறும். அந்த நன்றியிலேயே எல்லாக் காய்ச்சலுக்கும் அதை எழுதினார்கள், கடைக்காரர்களும் கொடுத்தார்கள். பத்து வருடத்துக்குள் கிருமி மாறிவிட்டது. கைரேஸில் மருந்து உட்காரும் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், பிடி நழுவிவிடும். அந்த முதல் மாற்றம் நடந்த கிருமி, சிப்ரோ வில்லையைச் சுற்றி வட்டம் காட்டத்தான் செய்யும், பழைய கணக்கில் 'கேட்கும்' என்றே ரிப்போர்ட் போகும். வார்டில் ஏழாம் நாளும் காய்ச்சல் நிற்காது. பக்கத்தில் நாலிடிக்சிக் அமில வில்லையை வைத்தால் மட்டும் குட்டு வெளிப்படும், அதைச் சுற்றி வட்டமே இருக்காது. நாங்கள் 'கேட்கும்' என்று எழுதிக் கொடுத்த ஒரு பள்ளிச் சிறுவனுக்கு எட்டாம் நாளும் 103 டிகிரி அடித்தது. குழந்தை மருத்துவர் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்கே இறங்கி வந்தார். மறுநாள் நாலிடிக்சிக் வில்லையை வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மருந்தை மாற்றினார்கள், பையன் பிழைத்துக்கொண்டான். சர்வதேச அளவுகோல்கள் டைபாய்டுக் கிருமிக்கான வட்டக் கணக்கை 2012-ல் கடுமையாக்கின. இப்போது இங்கே டைபாய்டுக்குச் சிப்ரோவை முதல் மருந்தாக எழுதுவதில்லை. அசித்ரோமைசினும் செஃப்ட்ரையாக்சோனும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. ஒரு ஆறுதல் உண்டு. குளோராம்ஃபெனிகாலையும் கோட்ரைமாக்சசோலையும் பல வருடம் யாரும் பெரிதாகத் தொடாததால், இந்திய டைபாய்டுக் கிருமிகளில் பெரும்பாலானவை இன்று மறுபடி அவற்றுக்கு அடங்குகின்றன.

கிருமி மாறியதற்கு மாத்திரை மட்டும் காரணமில்லை. ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டன்செருவில், மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய தண்ணீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. மருந்து சாப்பிட்ட மனிதரின் இரத்தத்தில்கூட அந்த அளவு இருப்பதில்லை. அந்த நீரில் வாழும் கிருமி எதைக் கற்றுக்கொள்ளும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ குதிகால் நாணுக்கான கறுப்புக் கட்ட எச்சரிக்கையை 2008-ல் போட்டது. 2011-ல் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத்தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து என்று சேர்த்தது. 2013-ல் கைகால் நரம்புப் பாதிப்பு பற்றிய எச்சரிக்கை கடுமையானது. 2018-ல் சர்க்கரை இறங்குவது, மனக்குழப்பம், மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாய்) கிழிவது ஆகியவை பற்றி எழுதினார்கள். இவற்றைவிட முக்கியமானது 2016-ல் சொன்னது: சைனஸ், மூச்சுக்குழல் அழற்சி, சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று ஆகிய மூன்றுக்கும் வேறு வழி இருக்கும்போது இந்த மருந்தை எழுதாதீர்கள் என்றார்கள். பிரிட்டன் 2024 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போனது. வேறு எந்த ஆன்டிபயாடிக்கும் பொருந்தாதபோதுதான் இதை எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் இதைக் கவனித்துப் பயன்படுத்த வேண்டிய மருந்துகளின் வரிசையில்தான் வைத்திருக்கிறது.

இந்த எச்சரிக்கைகளை நான் படிக்கும் விதத்தைச் சொல்கிறேன். கடுமையான பக்கவிளைவு அரிதானது. சிறுநீரகம் வரை ஏறிய தொற்று, புராஸ்டேட் தொற்று, மருந்துக்கு அடங்காத காசநோய் என்றால் அந்த அரிய ஆபத்தை ஏற்றுக்கொள்ளலாம், எதிர்த்தட்டில் உயிர் இருக்கிறது. தானாகவே ஒரு வாரத்தில் போகும் சளிக்கு எதிர்த்தட்டில் எதுவும் இல்லை. அங்கே அரிய ஆபத்தும் அதிகம்தான். நம் ஊரில் பெரும்பாலான மாத்திரைகள் இந்த இரண்டாம் தட்டில்தான் விழுகின்றன. வயிற்றுப்போக்குக்கு ஆஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை வாங்காத வீடு குறைவு. சாதாரண வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி வைரஸாலோ, தானாக அடங்கும் கிருமியாலோ வருகிறது. உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் அதற்கு மருந்து. பாக்டீரியாவுக்கு ஒன்று, அமீபாவுக்கு ஒன்று என்று இரண்டையும் ஒரே மாத்திரையில் அடைப்பது, எது என்று யோசிக்காமல் சுடுவதற்குச் சமம்.

ஒரு நாள் என் வீட்டருகே உள்ள கடையில் நின்றேன். முன்னால் நின்றவர் "இருமலுக்குப் போன தடவை கொடுத்தீங்களே, அது நாலு குடுங்க" என்றார். கடைக்காரர் பட்டையை எடுத்துக் கத்தரிக்கோலால் நான்கு மாத்திரையை வெட்டிக் கொடுத்தார். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அச்சான பக்கம் கடைக்காரரிடமே தங்கிவிட்டது. கையில் போனது பெயரில்லாத நான்கு குழிகள். அது லீவோஃப்ளாக்சசின் என்று பட்டையின் மிச்சத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. லீவோஃப்ளாக்சசின் 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில் இருக்கும் மருந்து. சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

அந்த இருமல்காரரை நினைத்து எனக்கு அன்று முழுக்க மனம் சரியில்லை, காரணம் காசநோய். லீவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் அடிக்கும். காசநோயால் இருமுபவர் நான்கு நாள் அதைச் சாப்பிட்டால் இருமல் கொஞ்சம் தணியும், சளிப் பரிசோதனையில் கிருமி மறையக்கூடும், நோய் கண்டுபிடிக்கப்படுவது தள்ளிப்போகும். அதற்குள் வீட்டில் இருப்பவர்களுக்குப் பரவும். மிச்சமிருக்கும் கிருமி அந்த மருந்துக்குப் பழகியும் போகலாம். சென்னைச் சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆஃப்ளாக்சசினைச் சேர்த்துக் காசநோய்ச் சிகிச்சைக் காலத்தைக் குறைக்க முடியுமா என்று நோயாளிகளிடம் சோதித்து 2002-ல் முடிவை வெளியிட்டது. காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்காத காசநோய்க்கு இப்போது வந்திருக்கும் ஆறு மாதச் சிகிச்சையில் நான்கு மருந்துகள்: பெடாகுயிலின், பிரெடோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின். இந்தியா அதை 2024-ல் ஏற்றுக்கொண்டது. இந்தக் குடும்பத்து மருந்து கைவிட்டுப் போனால் அந்த நோயாளிகளின் சிகிச்சை அவ்வளவு கடினமாகும். இருமலுக்கு நான்கு மாத்திரை என்பதன் உண்மையான விலை அது.

பக்கவிளைவுகளில் எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் படித்ததில் இரண்டும் கலந்திருக்கும். நாண் பாதிப்பு உறுதி. 60 வயதுக்கு மேல், ஸ்டீராய்டு எடுப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் ஆகியோருக்கு அதிகம் என்பதும் உறுதி. சர்க்கரை மருந்தோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம் என்பதும் உறுதி. உங்கள் அப்பா கிளிமிபிரைடு போடுவதால் இதை இன்றே கவனியுங்கள். வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, சம்பந்தமில்லாத பேச்சு என்றால் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். கைகால் எரிச்சல், மரத்துப்போதல், தூக்கமின்மை, இதயத்துடிப்பின் மின்னோட்டத்தில் மாற்றம் ஆகியவையும் ஐயமில்லாதவை. மகாதமனி பற்றிய எச்சரிக்கை பெரும் மருத்துவப் பதிவுகளை அலசி எடுத்தது. தொற்றே மகாதமனியைப் பாதித்திருக்கலாமே என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் மகாதமனி வீக்கம் உள்ளவருக்கு இதைத் தவிர்ப்பதில் நான் தயங்க மாட்டேன். மருந்து நின்று மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வலியும் சோர்வும் தொடர்வதாகச் சொல்பவர்கள் உண்டு. ஐரோப்பிய மருந்து அமைப்பு அவர்களை நேரில் அழைத்துக் கேட்ட பிறகே 2018-ல் கட்டுப்பாடுகளைப் பரிந்துரைத்தது. அவர்கள் படும் வேதனை உண்மை. யாருக்கு அப்படி ஆகும், ஏன் ஆகும் என்பதற்கு மருத்துவத்திடம் தெளிந்த விடை இல்லை. நாண் ஏன் நைகிறது என்பதற்கும் மெக்னீசியத்தை மருந்து பிடித்துக்கொள்கிறது, நாணைக் கரைக்கும் நொதிகளைத் தூண்டுகிறது என்று சில விளக்கங்கள் உண்டு, எதுவும் முடிந்த முடிவாகவில்லை.

இதே மருந்து கண் சொட்டாக வந்தால் இந்தப் பயம் எதுவும் வேண்டாம், இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் கண்புரை அறுவை முடிந்ததும் கண்ணுக்குள் ஒரு சொட்டளவு மாக்சிஃப்ளாக்சசினைச் செலுத்தும் முறையை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளில் ஆராய்ந்தார்கள். பார்வையையே பறித்துவிடும் உள்கண் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்தது. உலகெங்கும் கண் மருத்துவர்கள் அந்த ஆய்வைப் பேசுகிறார்கள்.

அப்பாவுக்கு லீவோஃப்ளாக்சசினே தொடர வேண்டும் என்று மருத்துவர் நேரில் பார்த்து முடிவு செய்தாலோ, வீட்டில் வேறு யாருக்காவது பின்னாளில் எழுதினாலோ, சில விஷயங்கள் தெரிந்திருக்கட்டும். ஜெலுசில் வகை அமில எதிர்ப்பு மருந்து, கால்சியம், இரும்பு, துத்தநாகம் எதையும் இதோடு சேர்த்து எடுக்கக்கூடாது. அவை மருந்தைப் பிடித்துக்கொண்டு குடலிலேயே வெளியே போய்விடும். லீவோஃப்ளாக்சசினுக்கு இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். சிப்ரோவுக்கு, மருந்து போட்ட பிறகு அவற்றை எடுக்க ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும், வெறும் பாலோடும் தயிரோடும் விழுங்கவும் கூடாது. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், ஆகவே கிரியாட்டினின் பார்க்காமல் நாட்களை நீட்டிக்கொண்டு போகக்கூடாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தம் உறையும் நேரத்தைச் சோதிக்க வேண்டும். சிப்ரோவும் தசை இறுக்கத்துக்கான டிசானிடினும் ஒருபோதும் சேரக்கூடாது. வலிப்பு நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெயிலில் அலைந்தால் தோல் எரியும்.

இன்று மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: மருந்தின் பெயர், தொடங்கிய நாள், போட்ட மாத்திரைகள் எத்தனை, வலி தொடங்கிய நேரம், சாப்பிடும் மற்ற எல்லா மாத்திரைகளும், சர்க்கரை அளவு, கடைசியாக எடுத்த கிரியாட்டினின். கல்ச்சர் எடுத்திருந்தால் ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேளுங்கள், சாதாரணமாக இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். எடுக்கவில்லை என்றால் மருந்தை மாற்றுமுன் இப்போதாவது எடுக்கச் சொல்லுங்கள், மருந்து உள்ளே போயிருப்பதால் கிருமி வளராமல் போகவும் வாய்ப்பு உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு. வலி இந்த மருந்தால்தான் என்று மருத்துவர் முடிவு செய்தால், அப்பாவின் ஃபைலில் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்: லீவோஃப்ளாக்சசினால் குதிகால் நாண் வலி, சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் எதுவும் கொடுக்க வேண்டாம். அந்தப் பக்கத்தை உங்கள் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் அதைக் காட்டினால் போதும்.